மூன்று, தள்ளி மூன்று

றீத்தாள் அதை ஆட்டோவிலிருந்து இறக்கினாள்.
மணவாளக்குறிச்சியில் மூடிப்போன பட்டறை.
டிரில்லிங் மெஷினும் மோட்டாரும் சேர்த்து ஒரே விலை.
"சுத்தவே மாட்டேங்கு அண்ணே."

புல்லியைப் பிடித்துத் திருகினேன்.
பாறையில் முளைத்தது போல நின்றது.

இரண்டு நாள்
மண்ணெண்ணெயில் பிரேக் ஆயில் கலந்து
ஓரங்களில் சொட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
வெளியே கருங்கல் சந்தைக்கு மரச்சீனி டெம்போக்கள்.
மூன்றாம் நாள்
நான்கு போல்ட்டில் மூன்று கழன்றது,
நான்காவது தலையை மட்டும் தந்தது.

மூடிக்கு மரச்சுத்தியல்தான்.
இரும்பு பட்டால் வார்ப்பு விரிந்துவிடும்.
சுற்றிச் சுற்றித் தட்டி
நூலளவு வாய் திறந்தபோது
முதலில் வந்தது கறுத்த மணல்.
அந்தக் கடற்கரை மணல்தான்,
ரோட்டரில் மீசையாய் ஒட்டிக்கொண்டு.
பிறகு ஒரு குளவிக்கூடு. காலி.

வைண்டிங்கில் சீரியல் பல்பு எரிந்தது.
உயிர் இருக்கிறது.
புல்லர் போட்டேன்; தேவையே இருக்கவில்லை,
பேரிங் கையோடு வழுக்கி வந்தது.

ஷாஃப்டில் பொட்டுகள்.
சென்டர் பஞ்சால் குத்தியவை.
தேய்ந்த இடத்துக்கு சிலீவ் போடாமல்
குத்திக் குத்தி இரும்பைப் பொங்கவைத்து
பேரிங்கை இறுக்கும் வித்தை.
ஒரு வருஷம் நிற்கும்.
பிறகு ஷாஃப்ட் ஆடும்,
ரோட்டர் சாய்ந்து ஸ்டேட்டரில் உரசும்,
ஒருநாள் நிற்கும்,
உப்புக்காற்று வந்து பூட்டுப் போடும்.

குத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.
மூன்று, கொஞ்சம் தள்ளி மூன்று
என்று குத்துகிறவன் ஒருவன்தான்.

"எந்த சவத்துப்பய செஞ்ச வேல இது?"
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"யாரோ" என்றேன்.
கையிலிருந்த வேஸ்ட் துணியால்
பொட்டுகளைத் துடைத்தேன்,
துடைத்தால் போகிற மாதிரி.

திக்கணங்கோடு லேத்தில்
ஷாஃப்டைக் கடைந்து சிலீவ் ஏற்றினோம்.
எழுநூற்றைம்பது ரூபாய்.
பில்லில் எழுதினேன்:
பேரிங் இரண்டு, கண்டென்சர், வார்னிஷ், போல்ட் ஒன்று.
அவள் இரண்டு முறை வாசித்தாள்.
"லேத்துக்கூலி எழுதல்லியே?"
"அது வேற கணக்கு."

மேற்கொண்டு கேட்காமல் சுவிட்சைப் போட்டாள்.
ஒரு முனகல். பின்பு சுற்றியது,
எதிர்ப்பக்கமாக.
அவள் சிரித்தாள்.
நான் மூடியைத் திறந்து
இரண்டு வயர்களை இடம் மாற்றினேன்.

இப்போது சரியாகச் சுற்றுகிறது.
றீத்தாள் உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து
சூடு ஏறுகிறதா என்று பார்க்கிறாள்.
நானும் வைக்கிறேன்,
கொஞ்சம் தள்ளி.