பதினேழாம் புள்ளி

மே மாதக் காட்பாடியில்
கரியமில வாயு உருளைக்கு
நாங்கள் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.
முப்பத்தொரு டிகிரி தாண்டினால் போதும் அதற்கு.
கொட்டகைக்குள் நாற்பத்திரண்டு.
ஊர்ச் சூட்டைக் கழித்த பிறகுதான்
எங்கள் சூட்டைச் சேர்க்க முடியும்.

கண்ணாடிச் சன்னல் வைத்த சிறு கலத்தை
ஐஸில் புதைத்தெடுத்து மேசைமேல் வைத்தோம்.
உள்ளே பாதி திரவம், மேலே ஆவி,
நடுவே ஒரு கோடு.
வெறும் காற்றே அதைச் சூடாக்கியது.
அரிசி களைந்த தண்ணீராய் ஒரு கணம் மங்கி
பிறகு கோடு இல்லை.
கொதிக்கவில்லை, ஒரு குமிழிகூட இல்லை.
"எங்க மேடம் போச்சு?" என்றார் முனிரத்தினம்.
எங்கும் போகவில்லை என்பதை
எப்படிச் சொல்ல.

குழாய் இரண்டு மீட்டர், செங்குத்தாக.
எண்பது பார் அழுத்தம். பதினைந்து டிகிரிக்கு இறக்கி
கீழிருந்து மேலே அனுப்புகிறோம்.
சுவரெங்கும் முப்பது தெர்மோகப்பிள்,
எல்லாம் அவர் கை ஒட்டியவை.
பதினாறு வரை ஒழுங்கு.
பதினேழில் நூற்றெழுபது.
இருபத்தொன்றில் இறங்கிவிட்டது,
ஒன்றுமே நடக்காததுபோல.

ஒட்டு விட்டிருக்கும் என்றேன்.
பதில் சொல்லாமல் பிய்த்து
மறுபடி ஒட்டினார்.
நூற்றெழுபத்தொன்று.
மூன்று நாள்
மீட்டரைச் சந்தேகித்தோம், கம்பியை, மின்வாரியத்தை,
டீ குடிக்கத் தனித்தனியாகப் போனோம்.

நான்காம் நாள் வால்வுகளை மாற்றி
மேலிருந்து கீழே ஓட்டினேன்.
அதே அழுத்தம், அதே அளவு, அதே சூடு.
பதினேழு பரம சாது. அறுபத்தெட்டு.

ராத்திரி, மின்வெட்டில், தாளில் பிடிபட்டது.
சுவரோரம் இருப்பது சூடாகி லேசாகிறது,
லேசானது மேலே பறக்கிறது,
பறந்து, நடுவே ஓடுவதை எட்டிப்பிடிக்கிறது.
இரண்டும் ஒரே வேகம் என்றால்
உரசல் இல்லை.
உரசாத இடத்தில் சுழல் ஏது.
சுழல் செத்தால்
சுவரின் சூட்டை உள்ளே கொண்டுபோக
ஆளில்லை.
ஒரு விரற்கடை தள்ளி
குளிர்ந்தது ஓடிக்கொண்டேயிருக்க
இரும்பு தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்கிறது.
இன்னும் கொஞ்சம் ஏறினால்
ஓரம் நடுவை முந்தும்,
மறுபடி இழுபறி, மறுபடி கலக்கம்,
இருபத்தொன்று ஆறிவிடும்.
கீழ்நோக்கிப் போனாலோ
ஓரம் ஏறப் பார்க்கும், நடு இறங்கப் பார்க்கும்,
தொடக்கம் முதலே தகராறு.

காலையில் சொன்னேன், படம் போட்டு.
முனிரத்தினம் படத்தைப் பார்க்கவில்லை.
"அப்ப என் ஒட்டு சரியாத்தான இருந்துது?"

நோட்டில் ஒரு வரி இருந்தது:
'17 – பற்றவைப்பில் கோளாறு, மு.ர.'
குறுக்கே கோடு போட்டேன்.
அப்போதும் படிக்க முடிந்தது.
இன்னொரு கோடு.

வெளியே
பாலாற்று மணல்மேல் காற்று நெளிந்துகொண்டிருந்தது.
அவர் இரண்டு டீ சொன்னார்.