பதினோரு லிட்டர்

மரீ என்றுதான் உள்ளூரில் சொல்கிறார்கள்.
என் வாயில் மாரி என்றே விழுகிறது,
மழை பெய்து பதினான்கு மாதமான ஊர்.
பெட்ரோல் பங்க்குக்குப் பின்னாலிருந்த குழாயில்
பதினோரு லிட்டர் பிடித்துக் கட்டினேன்.
முன்சக்கரத்தின் இருபுறமும் ஆறு,
சட்டத்தில் இரண்டு, மிச்சம் இருக்கைக்குப் பின்னால்.
நிறைகுடம் தளும்பாது என்றவர்
இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டியதில்லை.

சாலையா அது.
ஆஸ்பெஸ்டாஸ் கூரையொன்றை
இருநூறு கிலோமீட்டருக்கு நீட்டிக் கிடத்தியிருக்கிறார்கள்.
பல்லோடு பல் மோதுகிறது.
பாட்டில் மூடிகள் தாமாகக் கழல்கின்றன.
இரண்டாம் நாள் காற்றும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டது,
மணிக்கு ஏழு கிலோமீட்டர்.
ஈக்கள் மட்டும் குறை சொல்லாமல்
என் முதுகில் உட்கார்ந்து வந்தன,
டிக்கெட் எடுத்தவைபோல.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது,
மற்ற நிலம் வறண்டால் அதுதான் என்று
பன்னிரண்டாம் வகுப்பில் எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான்.
வறள்வதற்கு முன்னால் இது என்னவாக இருந்தது?
கண்ணெட்டும் வரை கல்.
ஒவ்வொரு கல்லும் துருப்பிடித்திருந்தது.

மதியம் புழுதிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் எந்திரம்.
சாலை வழிக்கிறவர், பெயர் நெவில்.
நாளைக் காலை இங்கிருந்துதான் வடக்கே வழிக்கப்போகிறேன்,
என் பின்னாலேயே வா, வழுவழுவென்றிருக்கும் என்றார்.
காத்திருக்க நாள் இருந்தது.
தண்ணீர் நான்கு லிட்டர், தூரம் எண்பது.
கணக்கைச் சொன்னேன்.
தன் கேனைக் கீழே இறக்கினார்.
வேண்டாம் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன்
என்று இன்றுவரை தெரியவில்லை.
அவர் பதில் பேசவில்லை. காலிப் பாட்டில்களை
ஒவ்வொன்றாக உருவி நிரப்பி
இடம் மாறாமல் செருகிவிட்டுப் போய்
எந்திரத்தின் நிழலில் படுத்துக்கொண்டார்.
நான் மிதித்தேன்.

சாயங்காலம் ஈமுக்கள். ஏழு.

எங்கள் பெருந்துறைப் பக்கம்
இந்தப் பறவைக்குக் கொட்டகை போட்டிருந்தோம்.
செங்கோட மாமா ஒன்றரை லட்சம் கட்டி
ஆறு குஞ்சும் ஒரு காலண்டரும் வாங்கினார்.
தீவனம் நின்றதும் அவை
கம்பி வலையைக் கொத்திக்கொண்டு நின்றன,
இருட்டிய பிறகும் அந்தச் சத்தம் கேட்கும்.
கம்பெனிதான் ஓடியது.
இவை ஓடி நான் பார்த்ததே இல்லை.

இங்கே எனக்குப் பக்கத்தில் ஓடுகின்றன.
தலை ஆடவில்லை, முதுகு மட்டும் குலுங்குகிறது,
சேலையைத் தூக்கிப் பிடித்தபடி
கடைசி பஸ்ஸைத் துரத்துகிற பெண்கள்.
கொஞ்ச தூரம் என்னைப் பார்த்தன.
இவ்வளவுதானா என்று தோன்றியிருக்க வேண்டும்,
குறுக்கே பாய்ந்து போயேபோய்விட்டன.
போனை எடுத்தேன்.
ஓடுது மாமா, ஓடுது.
சிக்னல் இல்லை.

அந்தச் சிரிப்போடு இன்னும் இரண்டு கிலோமீட்டர்.
டணார் என்று பின்சக்கரத்தில் ஒரு கம்பி.
தண்டவாளம் பிடுங்கிய ரயில்மேட்டோரம்
கூடாரம் அடித்தேன். இரவெல்லாம்
துணி அடித்துக்கொண்டது. கணக்குப் போட்டேன்,
நெவிலைத் தாண்டி மொத்தம் ஒன்பது கிலோமீட்டர்.

மறுநாள் பல்சக்கரத்தைக் கழற்றவே பதினொன்றானது.
கோணலை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதே
தெற்கே உறுமல் கேட்டது.
கையெல்லாம் கிரீஸ், முகத்தைத் திருப்ப முடியவில்லை.
எந்திரம் நிற்கவில்லை.
ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினார்,
இந்த ஊரில் அதுதான் வணக்கம்.
நானும் தூக்கினேன், கருப்பாய் ஒரு விரல்.

புழுதி அடங்கக் கால்மணி நேரம் ஆனது.
பிறகு சாலை,
மாவு சலித்துக் கொட்டியதுபோல் செக்கச்செவேலென்று,
ஒரு வரிகூட இல்லாமல்.
முதல் தடம் என்னுடையதாயிருக்கும் என்று
சக்கரத்தை மெதுவாக ஏற்றினேன்.

இருபதடி முன்னால்
மூன்று விரல், மூன்று விரல், மூன்று விரல்
என்று குறுக்கே போயிருந்தது.