ஒரே நபரா?

மூன்று ஆஸ்பத்திரிகளை ஒரே கம்பியில் கோத்த வாரம்.
இரவுப்பணி எனக்கு. சாட்ஸ்வொர்த்தில் விடாத மழை.
திரை கேட்கும், நான் சொல்ல வேண்டும்:
இவரும் அவரும் ஒரே நபரா?

தகரம், பகரம், ககரம்
நமக்கு ஒற்றை எழுத்து.
ஆங்கிலத்தில் பதிந்தவர்களுக்கோ இரண்டிரண்டு.
அதனால் தனபாக்கியம் படையாச்சி
இங்கே ஒருத்தி, ஃபீனிக்ஸில் இன்னொருத்தி,
ஸ்டாங்கரில் மூன்றாமவள்.
மூவருக்கும் பிறந்தநாள் ஒன்று.

இங்கத்தியவளை எனக்குத் தெரியும்.
காவடிக்கு ஒரே பஸ்ஸில் போவோம்.
மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரைக்கு வருவாள்,
எனக்கு மாங்காய் ஊறுகாயோடு.
பிள்ளைகள்: இல்லை.

ஃபீனிக்ஸ்காரிக்கு ஒரு பல்வலி, அவ்வளவுதான்.

ஸ்டாங்கர்க்காரி
தொண்ணூற்றொன்றில், பத்தொன்பது வயதில்
ஒரு பெண்குழந்தை பெற்றிருக்கிறாள்.
மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுக்
கொடுத்துவிட்டிருக்கிறாள்.
அத்தனை தூரம் கடற்கரையோடு போனது
வேறொருத்தியாக இருக்கத்தானே?
அதைக் கலைக்க நான் யார்?

'இல்லை'யை அமுக்க விரல் போய்விட்டது.
அப்போதுதான் அதே தாளின் அடியில், கோணல் எழுத்தில்:
பெனிசிலின் ஆகாது. மூச்சு நின்று மீண்டது.

இங்கத்தியவளின் கோப்பில்
ஒவ்வாமை என்ற கட்டம் காலி.
காலை எட்டு மணிக்கு
அவளுடைய கால்விரலை எடுக்கப் போகிறார்கள்.

'ஆம்' என்றேன்.
ஒரு சத்தமும் இல்லை.
ஒவ்வாமைக் கட்டம் சிவந்தது.
நான் கேட்காமலே
பிள்ளைகள் கட்டமும் மாறியது:
ஒன்று.

மேசை இழுப்பறையில்
கழுவி வைத்த அவள் ஊறுகாய்ப் பாட்டில்.
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.