புதனுக்கு எக்ஸ்

மாத்திரை அட்டையில் கிழமைக்கு ஓர் எழுத்து.
எங்கள் மொழியில் செவ்வாய்க்கும் புதனுக்கும் முதலெழுத்து ஒன்றுதான்.
குழம்பிவிடக் கூடாதென்று
புதனுக்கு மட்டும் எக்ஸ் போட்டிருக்கிறார்கள்.
பதினான்காம் வாரத்துப் புதன் அது.
மருந்துக்கடை வாசலில் நின்று
அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் யாரோ இருமினார்கள், வழிவிட்டேன்.

ஒன்பது நாளாகிறது. அட்டையை இன்னும் பிரிக்கவில்லை.
ரொட்டிப்பெட்டியின் மேல்
மின்கட்டண ரசீதோடு கிடக்கிறது.

செவிலி தோரிந்தா எதையும் ஒளிக்கவில்லை.
"இரண்டு வாரத்தில்கூடக் கருமுட்டை வந்துவிடலாம், சபேலா.
காத்திருக்க வேண்டுமென்றால்
இன்றைக்கே ஏதாவது வேண்டும்.
காத்திருக்க வேண்டாமென்றால்
உன் உடம்பு தடை சொல்லவில்லை."
மாத்திரை, ஊசி, காப்பர்-டி, ஆணுறை,
நான் சந்தையில் மட்டியைத் தரம் பிரிப்பதுபோல
மேசைமேல் பரப்பிக் காட்டினாள்.
நான் ஒரு தேதி கேட்டேன்.
"தேதி என்னிடம் இல்லை" என்றாள்,
மருந்துக் கம்பெனியின் பெரிய நாட்காட்டிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.
இருவருமே சிரித்துவிட்டோம்.
பிறகு எனக்கு நிற்கவில்லை, அது சிரிப்பும் இல்லை.

மாமியார் எர்மிட்டாஸ்
முள்ளை முள்ளால் எடு என்கிறாள்.
தானும் இரண்டைப் பறிகொடுத்தவள்.
ஒவ்வொன்றுக்கும் அடுத்த வருஷமே ஒரு தொட்டில்.
அந்த இரண்டுக்கும் பெயர் வைத்தாளா என்று
கேட்க வாய் வரவில்லை.
எனக்குள் முள் இல்லை, எர்மிட்டாஸ்.
தைத்த இடம்தான் இருக்கிறது.

பிரெய்ஷோ எதுவும் சொல்லவில்லை.
சிப்பி மிதவைகளில் நாளெல்லாம் கயிறு இழுப்பவன்,
அன்று விடிகாலை மூன்று மணிக்குக்
குளியலறைத் தரையை இரண்டு முறை கழுவினான்.
அந்த பிளீச்சிங் வாடை இன்னும் அவன் நகக்கண்ணில்.
கட்டிலின் ஓரத்தில் படுக்கிறான்,
கொஞ்சம் புரண்டால் கடலில் விழுவான் போல.
ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு உரிக்கும்போது,
கிழங்கிடம் சொல்வதுபோல் சொன்னான்:
"இன்னொன்று வேண்டாம் என்றில்லை.
இன்னொரு தரை வேண்டாம்."

நானோ விரலில் எண்ணுகிறேன்.
இந்த மாதம் என்றால் செப்டம்பர்,
அடுத்தது என்றால் அக்டோபர்.
நடுவில், யார் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும்,
மே பதினேழு வரத்தான் போகிறது.
அன்று வயிறு காலியாக இருக்கக் கூடாது என்று ஒரு நாள்.
அன்று அங்கே வேறு யாரும் இருக்கக் கூடாது என்று மறுநாள்.

இதற்கிடையில் மழை.
ஆறு மொத்தமாக வந்து கழிமுகத்தில் கொட்ட,
நன்னீர் குடித்த மட்டிகள்
வாய் பிளந்து கிடந்தன, படுகை முழுக்க.
சங்கக் கதவில் தாள் ஒட்டினார்கள்:
மறு அறிவிப்பு வரை மூடல்.
முள்வாரியும் வாளியுமாய்
நாற்பது பெண்கள் முணுமுணுத்தபடி
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனோம்.
சேற்றுக்கு எவ்வளவு வசதி!
என்னைத் திறப்பதா மூடுவதா என்பதற்கு
இரண்டே கையெழுத்துகள்,
அதில் ஒன்று எப்போதும் நடுங்குகிறது,
எது என்பது தினம் மாறுகிறது.

நேற்றிரவு அட்டையை எடுத்துவந்து
அவன் தட்டுக்கும் என் தட்டுக்கும் நடுவில் வைத்தேன்.
இருபத்தோரு மாத்திரை.
பிறகு ஏழு நாள் ஒன்றும் இல்லை.
"அந்த ஏழில் பேசலாம்" என்றேன்.
"மறுபடி இருபத்தொன்றா, இல்லையா என்று.
அதற்கு மேல் இப்போது என்னால் முடியாது."
அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கத்து வெள்ளித்தாளில்
அவன் முகம் துண்டுதுண்டாய்த் தெரிந்திருக்கும்.
"ஏழு நாளும் பேசணுமா?" என்றான்.
"ஒரு நாள் போதும்."
தலையாட்டினான்.
ரொம்ப நாளைக்குப் பிறகு
கட்டிலின் நடுப்பக்கமாய் ஒரு சாண் நகர்ந்து படுத்தான்.

நேற்று புதன். தொடங்கவில்லை.
இன்று காலை, வியாழன்,
ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே
வாசலில் திரும்பிக் கேட்டான்: "மே மாதம்?"
தெரியாது என்றேன்.
அவன் போன பிறகு ஒன்றை அழுத்தி எடுத்து விழுங்கினேன்.
ருசி எதுவும் இல்லை.
காப்பி ஆறியிருந்தது, அதையும் குடித்தேன்.