நத்தை கைமாறிய இரவு

பாடாங் செராய் பாசார் மாலாமில்
காலுறைக்கும் கைப்பேசி உறைக்கும் நடுவே
முப்பத்தைந்து வெள்ளிக்குக் கிடைத்தது
இரண்டாம் பாகம்.
பெட்டி கிடையாது. எழுத்தெல்லாம் ஜப்பான்.
"ஓடும்" என்றான் விற்றவன்.
"படிக்கிறது உன் பாடு."

முதல் பாகம் நான் ஆடியதில்லை.
முன்கதை தெரியாத மருமகளாய் நுழைந்தேன்.
ஊரே என்னை அறிந்ததுபோல் பேசியது.
தலையாட்ட ஒரு பொத்தான் இருந்தது, போதும்.

மேலிருந்து மூன்றாவது வரி: ஓடிப்போ.
இரண்டு கொக்கி, ஒரு புள்ளி: மருந்து.
ஏணிமாதிரி வந்தால் காசு கேட்கிறார்கள்.
ஒரு மிருகத்தைத் தவறாக விற்றுத்தான்
'விற்பது' எப்படி இருக்குமென்று தெரிந்தது.

ஆரம்பத்திலேயே பெயர் கேட்டது.
கட்டம் கட்டமாய் எழுத்துகள்.
ஹேமலோசனிக்கு அங்கே இடம் போதாது.
முதல் கட்டத்தையே நான்கு தரம் அமுக்கி
உள்ளே போய்விட்டேன்.
மணியும் கேட்டிருக்கும்போல.
அதையும் அமுக்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து
எனக்கு விடிந்தால் அதற்கு இருட்டும்.

கையுறை ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட்.
பீங்கான் கைகள் வரிசையாய் வந்து
ரப்பர் பாலில் முங்கி எழுந்து
யாரையும் தொடாமல் போகும்.
காலையில் ஆலை பஸ்.
செம்பனை இடுக்கில் வெயில் வெட்டி வெட்டி விழ
என் மடியில் நிலா.

இருட்டில் மட்டும் வரும்
விளக்கு சுமந்த நத்தையை
இருபத்து மூன்றாம் நாள்
லூனாஸ் சந்திப்பில் பிடித்தேன்.
கத்திவிட்டேன். டிரைவர் பிரேக் போட்டார்.

வாசல் காவலுக்கு தில் பகதூர்.
அவனிடமும் அதே கருவி, அதே கடைக்காரன்.
சிலது கைமாறினால்தான் வளரும் என்றான்,
எழுத்துக்கூட்டிய மலாயில்.
மாற்றி வாங்கி, மறுபடி மாற்றித் தந்துவிடுவானாம்.
"தராவிட்டால்?"
இடுப்பிலிருந்த டார்ச்சை என் கையில் வைத்தான்.

மூன்று மணி ஓய்வு. காவல் கொட்டகைப் பின்புறம்.
ஒரு முழம் கேபிள். அதற்கு மேல் விலக முடியாது.
கொசு கடித்த காலைக்கூடத் தூக்கவில்லை.
நத்தை கேபிளில் இறங்கிய நேரம்
சூப்பர்வைசர் மோட்டார் வெளிச்சம்.
அவன் எழுந்தான். கேபிள் பிடுங்கிக்கொண்டது.
இரண்டு திரையும் வெள்ளை.

திரும்ப முடுக்கினோம்.
அவனிடத்தில்
ஓடு பிளந்து இறக்கை முளைத்த ஒன்று.
என்னிடத்தில்
அதே பழைய நத்தை,
விளக்கு அணையாமல்.

கொடுத்தேனா கொடுக்கவில்லையா?
அவன் பெற்றானா திருடினானா?
இதற்கு மலாய் இரண்டு பேருக்கும் போதவில்லை.
சிரித்தோம்.
டார்ச்சைத் திருப்பிக் கேட்டான். கொடுத்தேன்.

பர்மிட் முடிந்து அவன் போன பிறகு
நான்காம் லைனைப் பார்க்க
ஜப்பான் என்ஜினியர் வந்தார்.
கேன்டீனில் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
திரையில் விரல் வைத்து
"அ. அ. அ. அ."
பல்வலி என்று நினைத்தேன்.
இல்லை, அதுதான் என் பெயராம்.
அவசரக்காரர்கள் எல்லாரும் அங்கே
அப்படித்தான் அமுக்குவார்களாம்.
அவர்கள் வரிசையிலும் அதுதான் முதலாம்.

நாவை அசைக்க வேண்டாம்,
வாய் திறந்தாலே வரும் எழுத்து.
நாற்பது நாளாய் அங்கே
கொட்டாவிபோல ஒரு பெயரில் திரிந்திருக்கிறேன்.
இறக்கை முளைத்ததன் முதுகிலும்
முதல் உடைமையாளர் அதுதான்.
தில் பகதூரின் ஊரில்
அதை யார் எப்படி வாசிப்பார்களோ.

கடிகாரத்தைச் சரிசெய்து தரட்டுமா என்று
தன் மணிக்கட்டைத் தட்டிக் கேட்டார் என்ஜினியர்.
வேண்டாம் என்றேன்.
பஸ் வந்துவிட்டது. வெயில் ஏறிவிட்டது.
இனிமேல்தான் நத்தைகள் வரும்.