ஒரு சாண்

முதலில் போனவன் பூபாலன்.
கோலசிலாங்கூர் கழிமுகத்தில் தூண்டில் போடப் போனான்.
மீன்காரனுக்குப் பேச்சே ஆகாது என்றான்,
பாட்டு எதற்கு.
அடுத்து ஹனாஃபி.
விரல் பருமன் கம்பிகளை எல்லாம் விற்று
ஒரு மெர்போக் புறா வாங்கினான்.
கூண்டைக் கம்பத்தில் ஏற்றிவிட்டுக்
கீழே நின்று அண்ணாந்து கேட்கிறான்.
அதற்கு மின்சாரம் வேண்டாமாம்,
தினை போதுமாம்.

நான் சிரித்தேன்.
செந்தூல் நாலாம் மாடியில்
ஐஸ்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப்
பாட்டுக் கேட்கிறவன் நான்.
வயலினுக்கு அடியில் அதன் உறுமல் கேட்கும்.
இரண்டு முறை மீன் கெட்டது.

தரையில் நீல நாடா ஒட்டியிருந்தேன்.
இந்தக் கோட்டில் இடது ஸ்பீக்கர், அந்தக் கோட்டில் வலது,
நடுவே ஒரே ஒரு நாற்காலி, என்னுடையது.
நாடாவைத் தாண்டிப் பெருக்கக் கூடாது.
சந்திரமதி துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு
மாக்கோலத்தைச் சுற்றுகிறவள்போல் நடப்பாள்.

பதினோரு வருடம்.
பாடுகிறவள் சுவரோடு ஒட்டியே பாடினாள்,
நடு அறைக்கு வந்து நிற்கவில்லை.
வால்வு மாற்றினேன், கம்பி மாற்றினேன்,
கல்லறைக்குக் கல் வெட்டுகிறவனிடம்
மிச்சக் கருங்கல் வாங்கி அடியில் கொடுத்தேன்.
வரவில்லை.

பிறகுதான் செகாம்புட்டில்
ஆ கியோங் பட்டறையில் அந்த வெள்ளை சத்ரியா.
வயது பதினெட்டு,
ஒரு கதவு மட்டும் வேறு வெள்ளை.
முதலில் உட்காருங்க போஸ், என்றான்.
உட்கார்ந்தேன்.
அதுதான் தப்பு.

டர்போவுக்காக சிடி பிளேயர் போயிற்று.
பிரேக்குக்காக ஹெட்போன், வெள்ளிக் கம்பி.
தட்டுச் சுழலியையும் வால்வு ஆம்பையும்
அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள்,
வீம்புக்கு வைத்துக்கொண்டேன்.
ஆறு மாதமாக அவை துணி மூடிக் கிடந்தன,
கிடந்தன என்று நினைத்தேன்.

காரின் எடை குறையட்டுமென்று
பின் சீட்டைக் கழற்றினேன்,
தரைவிரிப்பைக் கழற்றினேன்,
கடைசியில் ரேடியோவையும்.
அந்தப் பொந்தில் இப்போது
டோல் கார்டு வைக்கிறேன்.

ஞாயிறு விடியல் ஐந்து மணி.
பத்து அணைக்கட்டின் மேல் பனி.
உலு யாம் சாலை முறுக்கு முறுக்காக அவிழும்.
மூன்றாம் கியர், ஆறாயிரத்தைந்நூறு,
பல் நடுங்கும்,
காலை எடுத்ததும் டர்போ விடும் அந்த ஒரு ‘உஸ்’ஸில்
சுவரோடு ஒட்டிப் பாடினவள் யார், எவள்,
ஒன்றும் ஞாபகமிராது.
சம்பளத்துக்குக் காத்திருப்பவைபோல்
தடுப்புக் கம்பியில் குரங்குகள் குந்தியிருக்கும்.
பத்தாங்காலியில் லோ மீ.
எட்டுக் கார், எட்டுப் பேர்.
யாரும் யார் வீட்டையும் விசாரிப்பதில்லை.

போன ஞாயிறு டயர் வழுக்கியது,
பாதியில் திரும்பிவிட்டேன்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மூன்றாம் மாடிப் படியில் கால் நின்றது.
யாரோ ஒருத்தி பாடுகிறாள்.
எதிர்வீட்டு டிவி என்று நினைத்தேன்,
டிவியில் ஆள் மூச்சு இழுப்பது கேட்காது.
இன்னும் இரண்டு படி.
அடுத்த அடிக்கு முன்னால் உதட்டை ஈரமாக்குகிறாள்.
சுவரில் இல்லை.
என் வீட்டு நடு அறையில்,
மின்விசிறிக்கு நேர் கீழே நிற்கிறாள்.
கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம்
கருகிய பிரேக் வாசனையோடு நான்.

நாற்காலியில் சந்திரமதி,
ஒரு காலை மடக்கி,
மடியில் பாதி உரித்த பூண்டு.
ஐஸ்பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.
நீல நாடாவைக் காணோம்.
இடது ஸ்பீக்கர் ஒரு சாண் முன்னே வந்து
கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கிறது.

‘பெருக்கும்போது இடிச்சிட்டேன்,’ என்றாள்
திரும்பாமலே.
‘அப்புறம் நல்லா இருந்துச்சு,
அப்படியே விட்டுட்டேன்.’

அந்தப் பக்கம் முடியும்வரை
காலணியைக் கழற்றாமல் நின்றேன்.

‘ஊசி தேஞ்சு போச்சு, வேற வாங்கணும்.
டயருக்கு எவ்வளவு கொடுத்தீங்க?’

சொன்னேன்.

‘நாலுக்குமா?’

‘ஒண்ணுக்கு.’

பூண்டைக் கீழே வைத்தாள்.