சுவர் வைத்துக்கொண்ட பாதி

செல்லூரில் கோவர்த்தனன் முதலாளி வீட்டு ஜன்னலுக்கு
ஏழு கம்பி.
நான்காவது என்னுடையது.
மூன்றாவதில் நின்றால் ஒரு விரற்கடை கூடுதலாகத் தெரியும் என்பதால்
மாயக்காளும் நானும் ஒரு ஞாயிறு முழுக்கப்
பேசாமல் இருந்திருக்கிறோம்.
எங்கே நின்றாலும் பாதித் திரையைச்
சுவர் வைத்துக்கொண்டது.

உள்ளே டயனோரா.
பின்கட்டில் பத்து பவர்லூம்.
தறி ஓடும்வரை பெட்டிக்கு வாய் கிடையாது.
அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு அம்மா
கண்ணாலேயே என்னை வீட்டுக்குப் போகச் சொல்வாள்.
புரியாத மாதிரி நிற்பேன்.

கொடைக்கானலில் மழை என்றால்
கதாநாயகன் மேல் புள்ளி விழும்.
மொட்டைமாடியில் முதலாளி மகன் ஆன்டெனாவைத் திருப்ப
தெருவே கத்தும்:
இன்னும் கொஞ்சம், அப்படித்தான், போச்சு!

கேட்காத வசனத்தை நாங்களே பேசிக்கொண்டோம்.
உதடு ரொம்ப அசைந்தால் பொய்.
கை நெஞ்சுக்குப் போனால் கடன் கேட்கிறான்.
திரும்பி வரப்போகிறவன்
வாசலில் ஒருதரமாவது திரும்பிப் பார்ப்பான்.
வராதவன்
செருப்பு வாரைச் சரியாக மாட்டிக்கொண்டு நேரே போவான்.
இதைப் பெட்டியில்தான் படித்தேன்.
அப்பா போன அன்று சரிபார்த்துக்கொண்டேன்.

ஒரு படத்தில் வெள்ளைப் புடவைக்காரி
அழுதுகொண்டே இருந்தாள்.
நாங்களும் அழுதோம்.
மாயக்கா மூக்கைக் கம்பியில் துடைத்தாள்.

இருபது வருஷம் கழித்து
ஒத்தக்கடையில் ஒரு பரோட்டாக் கடை டிவியில்
அதே படம், சத்தத்தோடு.
அவள் வெங்காயம் உரிக்கிறாள்.
உரித்தபடி யாரையோ கிண்டல் பண்ணுகிறாள்.
தட்டு அந்தப் பாதியில் இருந்திருக்கிறது.
சால்னா ஆறிப்போனது.

இப்போது மாட்டுத்தாவணியில் வேலை,
கண்காணிப்பு அறை.
இருபத்துநாலு திரை, எதற்கும் வாய் கிடையாது.
முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள்.
உண்டு என்றேன்.

விடியக்காலை நாலே முக்கால்.
ஒருவன் சிறுவனைப் பெஞ்சில் உட்காரவைக்கிறான்.
மடியில் பன் பாக்கெட்.
கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடுகிறான்.
நடக்கிறான்.
திரும்பிப் பார்க்கவில்லை.

செருப்பு?
கேமராவில் கால் விழவில்லை.

கை மைக்குக்குப் போகிறது.
பிடிங்க அவனை என்றால் போதும்,
பத்துப் பேர் பிடித்துவிடுவார்கள், அடித்தும்விடுவார்கள்.
நாக்கில் வெங்காயம்.

"ஜெயசுதா, அஞ்சாம் நம்பர் பெஞ்சு.
சும்மா போய் பையன்ட்ட பேசுங்க, அதட்டாதீங்க.
அந்த ஆளை மறிக்க வேணாம்.
எங்க போறாருன்னு மட்டும் ஒரு கண்ணு."

ஜெயசுதா திரைக்குள் வருகிறாள். குனிகிறாள்.
அவள் உதடு அசைகிறது.
பையன் உதடு அசையவில்லை.
இரண்டு விரலைக் காட்டுகிறான்.

இரண்டு டீ வாங்கப் போயிருக்கிறாரா,
இரண்டு நாளாயிற்றா சாப்பிட்டு,
இரண்டுக்குப் போகணுமா.

வாக்கி டாக்கியில் ஒரே இரைச்சல்.
கொடைக்கானலில் மழை போல.
என்ன சொல்றான், என்கிறேன்.
ஜெயசுதா, என்ன சொல்றான்?

அவள் நிமிர்ந்து
கேமராவைப் பார்க்கிறாள்.
வாயைத் திறக்கிறாள்.